சஹனில் வைத்த மக்ரோனி

வெள்ளத்தில் வீட்டை விட்டு வந்த குடும்பங்கள் எங்கள் குறிஞ்சாக்கேணிப் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த கிழமை அது. அரிசி வராமல், சிப்பி வடிவிலான சின்ன மக்ரோனி மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. ஊர்க் கந்தூரி விருந்துகளுக்கெல்லாம் ஆக்கும் சமையற்கார அண்ணன், எங்கள் பேச்சில் காக்கா, ஒரு பிடி அள்ளிப் பார்த்துவிட்டுத் திரும்பவும் மூட்டைக்குள் போட்டார்.

"இது புள்ளையள்ற தீனி. சஹன்ல வைக்க ஏலாது."

ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே தட்டில் உண்பதுதான் எங்களுக்குச் சஹன். அதில் மிச்சம் கிடந்தால் ஆக்கியவருக்கு மானக்கேடு. எனக்கோ வாய் சும்மா இருக்காது. "நான் ஆக்கித் தாறன்" என்று முந்திக்கொண்டேன். அதுவரை பொதுச் சாப்பாடு ஆக்கும் பெரிய கிடாரத்தைத் தொட எந்தப் பெண்ணையும் விட்டதில்லை.

முதல் நாள் அவமானம். புரியாணிக்குப் போடுவதுபோல மூடி, மேலே தணலைப் பரப்பித் தம் போட்டேன். திறந்தால் களி. பசியோடு வந்தவர்களே நாலு வாயோடு எழும்பிவிட்டார்கள். மக்ரோனி பழசு என்று சொல்லிப் பார்த்தேன்.

"ஆடத் தெரியாதவள் மேடை கோணல் எண்டாளாம்" என்றார் காக்கா. எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டுக்குப் போய் ஒரு கோப்பை மக்ரோனியைச் சட்டியில் அவித்து, ஒவ்வொன்றாக எடுத்துக் கடித்துப் பார்த்தேன். சோறு தம்மில் பதமாகும். இது சூடு இருக்கும்வரை வெந்துகொண்டேயிருக்கிறது!

மறுநாளும் அரிசி வராததால் கிடாரம் என்னிடமே இருந்தது. பல்லில் கொஞ்சம் தட்டுப்படும்போதே கடகங்களில் வடித்து, பச்சைத்தண்ணீர் ஊற்றி, தேங்காயெண்ணெய் பிசறிவைத்தேன். களப்பில் பிடித்த இறாலில் தேங்காய்ப்பால் குழம்பு, எங்கள் ஆணம். ஆட்கள் வந்து உட்கார்ந்த பிறகுதான் இரண்டையும் கலந்து சஹன்களில் போட்டேன். சிப்பிக்குள்ளெல்லாம் ஆணம் நிறைந்து நின்றது.

பள்ளிக்கூட மண்டபத்தில் ஆறாறு கைகள் சஹனுக்கும் வாய்க்குமாகப் போய் வந்தன. திரும்பி வந்த சஹன்களை ஒன்று விடாமல் எட்டிப் பார்த்தேன். எல்லாம் வழித்துத் துடைத்த வெறும் தட்டுகள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் கலியாணத்தன்றுகூட நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

கடைசிச் சஹனைக் காக்காவே தூக்கி வந்தார்.

"தங்கச்சி, இன்னும் கொஞ்சம் கிடக்கா?"

"முடிஞ்சி காக்கா."

நம்பாமல் கிடாரத்துக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு, "நாளைக்கு அரிசி வருதாம்" என்றார். அரிசி வந்தால் கிடாரம் அவருடையது.

"அதையும் நீங்களே..." என்று தொடங்கினார்.

"ஓம், நானே ஆக்கித் தாறன்" என்றேன், அவர் சொல்லி முடிக்கும் முன்பே.