ஆற்றில் விட்ட மாலைகள்

எங்கள் வீட்டில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் இல்லை.

அப்பா பட்டுக்குச் சாயம் போடுபவர். வேகவதி ஆற்றில் தண்ணீர் ஓடாத மாதங்களிலும் மணலைத் தோண்டினால் ஊறும். அந்த ஊற்றுத் தண்ணீரில்தான் பட்டு நூலைக் கொதிக்கவைத்து, அதிலுள்ள பசையை நீக்கிச் சாயம் ஏற்றுவார். கிணற்றுத் தண்ணீர் உப்பு, அதில் நிறம் எடுபடாது என்பார். அவர் போடும் அரக்குச் சிவப்பைக் கேட்டு வரும் நெசவாளர்கள் இருந்தார்கள்.

கருட சேவைத் திருவிழாக் கடைகளில் பிளாஸ்டிக் மாலைகள் வரத்தொடங்கிய காலம் அது. வாடாத மாலை என்று தெருவே வாங்கிச் சாமி படங்களுக்குப் போட்டது. புகையேறி நிறம் மங்கியதும், பூமாலையைப் போலவே அதையும் ஆற்றில் விட்டார்கள். சாமிக்குப் போட்டது யார் காலிலும் படக்கூடாதே. பூ மக்கும், இது மக்காது என்று அம்மாவிடம் சொன்னேன்.

"சாமி கழுத்துல இருந்தத குப்பையில போடுன்னுதான் பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்தாங்களா?" என்றாள் அம்மா.

பக்கத்து வீட்டு அக்கா சிரித்துவிட்டாள்.

மாலைகள் மணலில் கிடந்து வெயிலில் காய்ந்தன. ஒரு மழைக்குப் பிறகு, ஊற்றுத் தண்ணீரோடு வந்த துணுக்குகள் அப்பாவின் அண்டாவில் கொதித்து இளகி, பட்டு நூல் கழிகளில் பச்சையும் ரோஸுமாக ஒட்டிக்கொண்டன. நகத்தால் கிள்ளினால் இழையே அறுந்தது. முகூர்த்தப் புடவைக்கு வந்த பட்டு. அப்பா தானே எடுத்துப்போய் நெசவாளரிடம் காட்டிவிட்டு வந்தார். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லையாம். ஆனால் அடுத்த பட்டு வேறொருவரிடம் போயிற்று.

அம்மா யாரிடமும் சொல்லாமல் கூடையை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குக் கிளம்பினாள். நானும் பின்னால் போனேன். மாலைகளைப் பொறுக்கலாம் என்று தொட்டால், கையிலேயே பொடிந்து காற்றோடு போயின. கூடையில் நரம்பும் நாருமாகக் கொஞ்சம்தான் தேறியது.

அப்பா வேட்டியை மடித்துத் தண்ணீரை வடிகட்டிப் பார்த்தார். பெரிய துணுக்குகள் துணியில் நின்றன. வடிந்ததை ஒரு சொம்பில் எடுத்து வெயிலில் சாய்த்துப் பார்த்தார். உள்ளே என்னவோ மின்னியது.

"கண்ணுக்குத் தெரியறத எடுத்துடலாம்மா," என்றார் என்னிடம். "தெரியாதது எவ்ளோ இருக்குதோ."

பிறகு அவர் ஊற்றுக்குப் போகவில்லை. கிணற்றுத் தண்ணீரில் போட்ட சிவப்பு மங்கலாகத்தான் வந்தது. அதைக் கேட்டு யாரும் வரவில்லை.