திண்டிவனத்துக் கம்பத்தில் சிவப்பு

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். திண்டிவனத்தில் ஒரு கடலைக் கொட்டகையில் எடை போட்டுக்கொண்டிருந்தேன். முதலாளிக்கு விழுப்புரத்தில் இன்னொரு கொட்டகை இருந்தது, ஆபீசும் அங்கேதான். ஆபீசில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருந்த பெண் கல்யாணமாகிப் போகும்போது எனக்கு எக்செல் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். அதன்பின் வாரத்துக்கு இரண்டு நாள் எடைச் சீட்டுகளோடு பஸ் ஏறி விழுப்புரம் போய்க் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவேன். ஆட்களோடு பேசுவதைவிட அந்த வேலை எனக்கு எளிதாக இருந்தது.

ஒரு வருஷம் விளைச்சல் படுத்துவிட்டது. இரண்டு கொட்டகைகளில் ஒன்றை மூடுவது என்று முதலாளி முடிவு செய்தார். எதை மூடுவது என்று பார்க்க, எடைக் கணக்கைக் கம்பம் கம்பமாகக் காட்டும் ஒரு படம் என்னிடம் கேட்டார். மாதாமாதம் இரண்டு ஊருக்கும் பக்கத்துப் பக்கத்தில் கம்பம் நிற்க வேண்டும். ஒவ்வொரு கம்பத்திலும் நல்ல கடலை, உடைசல், குப்பை மூன்றும் ஒன்றின்மேல் ஒன்றாகத் தெரிய வேண்டும். எங்கள் கொட்டகையில் கடலை பொறுக்கிய பெண்களின் பிழைப்பு அந்தப் படத்தில் இருந்தது.

எக்செல்லில் கம்பங்களைப் பக்கத்தில் நிறுத்தலாம், அல்லது அடுக்கலாம். இரண்டையும் சேர்த்துச் செய்ய வழியில்லை. இரண்டு நாள் போராடினேன். கடைசியில் விழுப்புரத்துக்கு ஒரு வரி, கீழே திண்டிவனத்துக்கு ஒரு வரி, பிறகு ஒரு காலி வரி என்று ஒவ்வொரு மாதத்துக்கும் எழுதி, அடுக்குக் கம்பம் போட்டு, இடைவெளியைக் குறைத்தேன். ஜோடி ஜோடியாக நின்றன. குப்பைக்குச் சிவப்பு கொடுத்திருந்தேன். எங்கள் கம்பங்களின் தலையிலெல்லாம் சிவப்பு. விழுப்புரத்தில் நூலளவும் இல்லை.

காரணம் எனக்குத் தெரியும். விழுப்புரத்தில் மூட்டையை வாசலிலேயே அவிழ்த்துச் சலித்து, குப்பையை விவசாயியிடமே கொடுத்துவிட்டுத்தான் எடை போடுவார்கள். நாங்கள் வந்தபடியே எடை போட்டு, பிறகு சலித்துக் கழிவை எழுதுவோம். இரண்டு இடத்துக்கும் வந்த கடலை ஒரே தரம்தான். இதைப் படத்தின் கீழே ஒரு வரி எழுதியிருக்கலாம். நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

முதலாளி தாளைக் கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பக்கத்தில் விழுப்புரம் மேஸ்திரி நின்றிருந்தார்.

"என்னாய்யா, திண்டிவனத்துல இத்தினி நாளா குப்பையதான் வாங்கிக்கினு இருந்தீங்களா?" என்றார் முதலாளி. மேஸ்திரி சிரித்தார்.

சொல்ல வேண்டியதைப் பஸ்ஸில் வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன். இப்போது எடைச் சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"கணக்கு சரிதான?" என்று முதலாளி கேட்டார்.

"சரிதாங்க" என்றேன். கணக்கு சரிதான்.

அடுத்த மாதம் திண்டிவனம் கொட்டகையை மூடினார்கள். நடந்ததை நானே பெண்களிடம் சொன்னேன். மற்றவர்கள் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அவர்களில் மூத்த அம்மா மட்டும் நின்றார்.

"ஏம்ப்பா, அங்க வாசல்லயே சலிக்கிறாங்கன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வந்திருக்கலாமே? அதுக்குமா படிச்சிருக்கணும்?"

நான் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

படம் நன்றாகப் போடுகிறேன் என்று என்னை மட்டும் விழுப்புரத்துக்கு மாற்றினார்கள். சில மாதம் கழித்து அந்த அம்மா வேலை கேட்டு அங்கே வந்தார். ஆள் வேண்டாம் என்று மேஸ்திரி வாசலில் சொல்வது ஜன்னல் வழியே கேட்டது. தெரிந்தவர், நன்றாகப் பொறுக்குவார் என்று நான் எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். அந்த அம்மாவின் குரல் நிற்கும்வரை திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.