மூணுலயும் ஓடணும்

போன வாரம் கூலிம் தொழிற்சாலைக் கேண்டீனில் மீ கோரெங் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண் எதிரே வந்து உட்கார்ந்தாள். "அண்ணே, கேம் செய்யணும்னா எந்த லெங்குவேஜ் படிக்கலாம்? விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாத்துலயும் ஓடணும்" என்றாள். எனக்குப் புரையேறியது. மிளகாய் என்று நினைத்துத் தண்ணீரை நகர்த்தி வைத்தாள். நல்ல பெண். காரம் கேள்வியில் இருந்தது என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

அதே கேள்வியை நாங்கள் மூன்று பேர் ஏறக்குறைய ஒரு வருடம் ஆராய்ந்திருக்கிறோம். ஆராய்ச்சி நடந்த இடம் பாடாங் செராயில் குமரேசன் வைத்திருந்த கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. பக்கத்துக் கடையில் நெத்திலிக் கருவாடு விற்பார்கள். ஈயம் உருகும் புகையும் கருவாடும் கலந்த அந்த வாசனையை நீங்கள் முகர்ந்ததில்லை என்றால் கொடுத்து வைத்தவர். எனக்கு இன்றும் எங்காவது நெத்திலி பொரிந்தால் கணினி ஞாபகம்தான் வருகிறது. வீட்டில் இதைச் சொல்வதில்லை.

குமரேசன் லினக்ஸ் பக்தன். ஸ்பீக்கரில் சத்தமே வராத கணினியைக் காட்டி, "சத்தம் வரலன்னா என்னலா? சுதந்திரம் இருக்குல்ல" என்பான். நான் விண்டோஸ்காரன். கொள்கை ஒன்றுமில்லை, கணினி வாங்கும்போது உள்ளே அதுதான் இருந்தது. சண்டை வந்த பிறகு கொள்கையும் வந்துவிட்டது. மூன்றாமவன் பிரகாஷ், கரங்கானிலிருந்து வருபவன், என்னோடு அதே தொழிற்சாலையில் வேலை. மூலையில் விரிசல் விட்ட பழைய மேக் ஒன்றை யாரிடமோ வாங்கியிருந்தான். மழை வந்தால் தன் மழைக்கோட்டைக் கழற்றி அதற்குப் போர்த்திவிட்டு, தான் நனைந்துகொண்டே மோட்டார் சைக்கிளில் வருவான்.

செய்ய நினைத்த விளையாட்டு சின்னதுதான். ஷிப்டுக்கு நேரமாகிவிட்ட ஒருவன் மோட்டாரில் பறக்கிறான். வழியில் மாடு, கம்பெனி பஸ், குலை குலையாகச் செம்பனைப் பழம் சிந்தும் லாரி. எல்லாவற்றையும் தாண்டித் தொழிற்சாலை கேட்டுக்குள் நுழைந்தால் வெற்றி, இல்லாவிட்டால் வாசலில் காவல் நிற்கும் கார்டு திட்டுவார். எங்கள் வாழ்க்கை வரலாறு என்றே சொல்லலாம்.

அதை எதில் செய்வது? ஆயத்தமாகக் கிடைக்கும் ஒரு கேம் எஞ்சின், அதற்கு சி ஷார்ப் மொழி என்றேன் நான். குமரேசனுக்கு அது அவமானம். "அடுத்தவன் செஞ்ச எஞ்சின்ல ஓடுறதுலாம் ஒரு கேமாடா? சி பிளஸ் பிளஸ்ல எஞ்சினையே நாம எழுதுவோம்" என்றான். தன் மோட்டாருக்கு எண்ணெய் மாற்றக்கூட ஆள் தேடுகிறவன். வாரம் ஒரு கருவியை இறக்குவோம், திரையில் ஒரு சதுரத்தை இடமும் வலமும் நகர்த்துவோம், குமரேசனோ நானோ அதில் ஒரு குற்றம் கண்டுபிடிப்போம், தூக்கிப் போடுவோம். சதுரம் நகர்த்துவதில் எங்களை மிஞ்ச கெடா மாநிலத்திலேயே ஆள் கிடையாது. பிரகாஷ் மட்டும், "எதுன்னாலும் சரிலா. மூணுலயும் ஓடணும்" என்று ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருப்பான்.

அப்போதுதான் பிரகாஷ் வேலை செய்த உற்பத்தி லைனை வேறு நாட்டுக்கு மாற்றப்போவதாகக் கம்பெனியில் சொன்னார்கள். கூட்டம் போட்டு, ஆளுக்கொரு கறிபாப் பலகாரம் கொடுத்துச் சொன்னார்கள். மரியாதை தெரிந்தவர்கள். பினாங்கில் ஒரு கேம் கம்பெனி ஆள் எடுப்பதாகப் பிரகாஷ் கேள்விப்பட்டான். சொந்தமாகச் செய்த விளையாட்டு ஒன்றைக் கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். எங்களிடம் சதுரங்கள்தான் இருந்தன.

மறுநாள் சாயங்காலம் அவனோடு மனைவி மாலதியும் கடைக்கு வந்தாள். நானும் குமரேசனும் ஏதோ ஒரு எஞ்சினின் உரிமம் பற்றிக் கத்திக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரம் பார்த்தவள், "அண்ணே, நீங்கள்லாம் கேம் செய்றீங்களா, கட்சி நடத்துறீங்களா? இவருக்கு அடுத்த மாசம் வேலை இல்ல" என்றாள்.

பிரகாஷ் அன்றைக்கே முடிவு செய்தான். இலவசமாகக் கிடைத்த ஒரு சின்ன எஞ்சின், அதனுடைய எளிய மொழி. எனக்கும் பிடிக்கவில்லை, குமரேசனுக்கும் பிடிக்கவில்லை. நாங்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

இருந்தும் வேலை ஓடியது. கடைசியில் தமிழ் எழுத்து காலை வாரியது. கார்டு சொல்லும் "போ" என்னிடம் ஒழுங்காக வந்தது. குமரேசனிடம் கொம்பு இடம் மாறிப் போய் நின்றது. பிரகாஷிடம் வெறும் கட்டங்கள். அவரவர் மற்றவரின் கணினியைத் திட்டினோம், பழக்கம் விடுமா? பிரகாஷ்தான், "எழுத்தே வேணாம்லா. படமா வரைஞ்சு ஒட்டிருவோம்" என்றான். மாலதி தன் கையெழுத்தில் எழுதிக் கொடுத்தாள். மூன்றிலும் ஒரே மாதிரி "போ" வந்தபோது குமரேசன் வாய்விட்டுச் சிரித்தான். சத்தம் மட்டும் அவனுடையதில் கடைசிவரை வரவில்லை.

பினாங்கிலிருந்து பிரகாஷ் நேராகக் கடைக்கு வந்தான். "கேமை ரெண்டு நிமிசம் பாத்தாங்க, அவ்ளோதான். எது எதுல ஒடஞ்சிச்சு, எப்படிச் சரி பண்ணேன்னுதான் கேட்டாங்க. நீங்க ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் சொன்ன குறை எல்லாத்தையும் சொன்னேன்லா" என்றான். வேலை கிடைத்தது. நிரல் எழுதும் வேலை இல்லை, அடுத்தவர் செய்யும் விளையாட்டுகள் எந்தக் கணினியில் எப்படி உடைகின்றன என்று பார்க்கும் வேலை. ஒரு வருட வாய்ச்சண்டைக்கு இப்படியொரு மதிப்பு இருக்கும் என்று நானும் குமரேசனும் கனவிலும் நினைத்ததில்லை. நன்றாக வளர்த்துவிட்டோம் என்று எங்களையே பாராட்டிக்கொண்டோம்.

பிரகாஷ் குடும்பத்தோடு பினாங்குக்குப் போய்விட்டான். கணினியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் குறைந்து, எல்லோரும் போனைத் தடவ ஆரம்பித்ததும் குமரேசன் கடையை மூடினான். இப்போது ஒரு கிடங்கில் வேலை. கடை இருந்த இடத்தில் போன் கவர் விற்கிறார்கள். கருவாட்டுக் கடையும் இல்லை.

போன தீபாவளிக்கு மூவரும் என் வீட்டில் கூடினோம். ஆசையாக அந்த விளையாட்டைத் திறந்தோம். என் புதுக் கணினி அது ஆபத்தானது என்றது. பிரகாஷின் புது மேக், இது மிகப் பழையது என்றது. மூன்றாவதில் பார்க்க வழியில்லை, குமரேசனிடம் இப்போது கணினியே கிடையாது. அவன் ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தேன். முறுக்குத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"என்ன இருந்தாலும் விண்டோஸ்தான்டா பெஸ்ட்டு" என்று வேண்டுமென்றே சீண்டிப் பார்த்தேன்.

குமரேசன் முறுக்கைக் கடித்தபடி, "ஆமாலா, நல்லாதான் இருக்கும்" என்றான்.