வந்து போனதற்கான படி

போன வாரம் ஒரு ஸ்டேஷனரி கடையில் ஊதா மைப்பெட்டி ஒன்றைத் திறந்து பார்த்தேன். அந்த வாசனை என்னை நேராக மல்லிகாவிடம் கொண்டுபோய்விட்டது.

தொண்ணூறுகளில் ஆரணியில் ஒரு கோர்ட்டில் எழுத்தராகச் சேர்ந்தேன். அப்போது எனக்கு மீசையைவிட மிடுக்கு அதிகம். சாட்சி சொல்ல வருகிறவர்களின் பஸ் செலவுக்கும் அன்று இழந்த கூலிக்கும் அரசு தரும் படியை, நாங்கள் பேட்டா என்போம், ஊதா மையில் கைநாட்டு வாங்கிக்கொண்டு கொடுப்பது என் வேலை. சாயம் ஏறிய விரல் என்றால் பட்டுத் தறிக்காரர், வெடித்த விரல் என்றால் வயல்காரர். முகம் பார்க்காமலே சொல்லிவிடுவேன்.

மல்லிகா தேவிகாபுரம் பக்கம் நடவுக்குப் போகிறவர். சைக்கிளில் போன நெசவாளி ஒருவரை டிராக்டர் இடித்துத் தள்ளியதை வயலில் இருந்து பார்த்திருந்தார். ஓட்டியது அவருக்கு வேலை கொடுக்கிற பண்ணைக்காரரின் மகன். ஆனாலும் வந்தார். நாலு முறை வந்தார். நாலு முறையும் வாய்தா. விசாரிக்காத நாளுக்குப் பேட்டா கிடையாது என்பது எங்கள் ஆபீஸ் வழக்கம்.

ஐந்தாம் முறை பாவம் பார்த்து, சாட்சி முடியும் முன்பே கொடுத்துவிட்டேன். அங்கேதான் வந்தது வினை.

"சாட்சி சொல்ல காசு வாங்கினியாம்மா?" என்றார் எதிர்த்தரப்பு வக்கீல்.

"வாங்கினேங்க."

"யாருகிட்ட?"

"தோ, அந்த சாருகிட்டதான்." விரல் என்னைக் காட்டியது.

கோர்ட்டே சிரித்தது. எனக்கு வேர்த்துக் கொட்டியது. மல்லிகா மட்டும் சிரிக்கவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து நோட்டுகளை என் மேஜையில் வைத்தார். "காசுக்குப் பேசிகினு வந்தாள்னு ஊர்ல சொல்லுவாங்க. எனக்கு வோணாம்."

நீதிபதி அம்மா பொறுமையாகச் சொன்னார்: "இது நீங்க சொன்னதுக்கு இல்லம்மா. வந்ததுக்கு."

மல்லிகா கொஞ்சம் யோசித்தார். "அப்ப நாலு வாட்டி வந்துட்டுப் போனேனே, அதுக்கு?"

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "நாலு நாளுக்கும் பில் போடுங்க" என்றார். அன்றோடு அந்த வழக்கம் ஒழிந்தது.

டிராக்டர் ஓட்டிய மகனுக்குத் தண்டனை கிடைத்தது. மல்லிகாவை அந்தப் பண்ணையில் மறுபடி நடவுக்குக் கூப்பிடவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். கண்ணமங்கலம் பக்கம் வேலை தேடிப் போனாராம்.

தேவிகாபுரம் பக்கத்து வயல்களில் இப்போது மனைக்கற்கள் நட்டிருக்கிறார்கள். மல்லிகா எங்கே என்று கேட்டால், அப்படி ஒருத்தர் இருந்ததே அங்கே யாருக்கும் தெரியவில்லை.