பார்வையாளர் மாடத்தில் தராசுக்காரர்

பேருந்து நிலையத்துக்குப் பின்னால், சைக்கிள் கடைக்கும் சாவிக் கடைக்கும் நடுவே ஒரு ஆள் தோளைச் சாய்த்து நுழையும் அகலத்தில் இருந்தது அந்தக் கடை. உள்ளே சுவர் முழுக்கத் தராசுகள். தட்டுத் தராசு, மேசைத் தராசு, மூட்டை நிறுக்கும் தராசு, குழந்தையைப் படுக்கவைத்து நிறுக்கும் தராசு. கடையை நடத்தியவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ரேஷன் அட்டையோடு சரி. ஊருக்கு அவர் தராசுக்காரர்.

வேலையில் அவரைக் குறை சொல்ல ஆளில்லை. மேசைத் தராசை இரண்டு கையாலும் தூக்கி, காதோரம் வைத்து லேசாக அசைப்பார். "உள்ள ஸ்பிரிங் களைச்சுப்போச்சு" என்பார். திறந்து பார்த்தால் அப்படித்தான் இருக்கும். சோதனை எடைக்கற்களை வெறுங்கையால் தொட மாட்டார், மெல்லிய துணியைச் சுற்றித்தான் எடுப்பார். ஒரு காய்கறிக்காரர் தட்டுக்கு அடியில் காந்தத்தை ஒட்டிக்கொண்டு வந்தபோது, அதைப் பிய்த்து எடுத்து அவர் சட்டைப் பையிலேயே போட்டு, "இது உங்க சொத்து, பத்திரமா வச்சுக்கங்க" என்று அனுப்பிவைத்தார்.

அரசியலிலும் அவர் அப்படித்தான், கறார். இருபத்தெட்டு வருடங்களாக ஒரே கட்சிக்கு ஓட்டு. வரி குறைய வேண்டும், ராணுவம் பலமாக இருக்க வேண்டும், பள்ளியில் பரீட்சை கடுமையாக இருக்க வேண்டும். குடும்பத்தைக் குடும்பம் பார்த்துக்கொள்ளும், அரசாங்கம் வாசலோடு நின்றுகொள்ள வேண்டும். எந்தப் பழைய சட்டத்தையாவது யாராவது மாற்றப்போவதாகச் செய்தி வந்தால், "அதப் போட்டவன் ஏன் போட்டான்னு யோசிச்சீங்களாடா?" என்று தொலைக்காட்சியைப் பார்த்துக் கேட்பார். எதிர்க்கட்சியில் பெரிய வட்டக் கண்ணாடி போட்ட ஒரு பெண் நாடாளுமன்ற உறுப்பினர் இருந்தார். அவர் திரையில் வந்தால் போதும், தராசுக்காரர் சத்தத்தை அடியோடு குறைத்துவிடுவார். "கண்ணாடியம்மா ஆரம்பிச்சுட்டா. இனி நாடு உருப்பட்ட மாதிரிதான்."

வீட்டில் அவருக்கு ஒத்து ஊதுகிறவர் யாருமில்லை. தையல் வேலை பார்க்கும் மனைவி யாருக்கு ஓட்டுப் போட்டார் என்பது அவரது ஊசிப் பெட்டிக்கே தெரியாது. ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் வேலை பார்க்கும் மூத்த மகளும், பேக்கரியில் மாவு பிசையும் மைத்துனனும் பகிரங்கமாக எதிர்க்கட்சி. சின்ன மகளுக்குப் பதினொரு வயது. அவள் பெயர் வைத்தபடி, அந்த வீட்டில் இருந்தது இரண்டே கட்சிதான்: அப்பா கட்சி, மாமா கட்சி.

மாதம் ஒரு முறை எல்லோரும் மைத்துனனின் பழைய வேனில் எங்காவது போவார்கள். போகிற இடத்திலெல்லாம் தராசுக்காரருக்கு அரசியல் அகப்படும். ஏரியில் படகு ஏறினால், "படகு விடறது அரசாங்கத்தோட வேலையா?" என்பார். விலங்குக் காட்சிச்சாலையில் தூங்குகிற கரடியைக் காட்டி, "நம்ம வரிப்பணம் எப்படி நிம்மதியாத் தூங்குது பாரு" என்பார். மைத்துனன் விடமாட்டான். ஒரு தடவை ரயில் அருங்காட்சியகத்தில் இருவரும் போட்ட சத்தத்தில் காவலாளி வந்து வெளியே போகச் சொல்லிவிட்டார். அன்றைக்கு மனைவி ஒரு சட்டம் போட்டார்: ஊர் எல்லைப் பாலம் வரைக்கும் அரசியல் பேசலாம், பாலம் தாண்டிவிட்டால் யாரும் வாயைத் திறக்கக் கூடாது.

"இது பேச்சுரிமைக்கு எதிரானது அக்கா" என்றான் மைத்துனன்.

"முட்டை ரொட்டி என் பையில இருக்கு. பேச்சுரிமை வேணுமா, ரொட்டி வேணுமா?"

மசோதா ஒன்று நிறைவேறிய வேகத்தைத் தராசுக்காரர் அன்றுதான் நேரில் பார்த்தார்.

அந்த வருடம் அவருடைய கட்சிதான் ஆட்சியில் இருந்தது. சிறு வியாபாரிகளின் பாரத்தைக் குறைக்கிறோம் என்று ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். அவர் ஆசைப்பட்ட மாதிரியே படிவங்களைக் குறைத்திருந்தார்கள், அலுவலகங்களைக் குறைத்திருந்தார்கள். செய்தித்தாளில் படித்துக்கொண்டே வந்தவர் ஒன்பதாவது பிரிவில் நின்றார். சிறு கடைகளின் தராசுகளுக்கு வருடா வருடம் அரசு முத்திரை போட வேண்டியதில்லை, கடைக்காரரே சோதித்து ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் போதும் என்றிருந்தது.

இரண்டு நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். ஏழாவது பக்கத்தில், மழை பற்றிய செய்திக்குக் கீழே, உள்ளங்கை அளவுக்கு வந்தது.

மைத்துனன் அதைப் படித்துவிட்டுச் சிரித்தான். "மாமா, முத்திரை வாங்கத்தானே எல்லாரும் உங்ககிட்ட தராசு ரிப்பேருக்கு வராங்க. முத்திரை போச்சுன்னா உங்க பொழப்பும் போச்சு. அதுக்குத்தானே இந்த லெட்டர்?"

"ஆமா, போகும். அதையும் லெட்டர்லயே எழுதியிருக்கேன். கடைசி வரி வரைக்கும் படி."

மைத்துனன் படித்தான். பத்திரிகையை மடித்து மேசைமேல் வைத்தான்.

பேசாமல் ஒரு வேலை செய்தது மூத்த மகள். அந்தத் துண்டைக் கத்தரித்து, பிரதி எடுத்து, தன் கையால் ஒரு குறிப்பும் சேர்த்து எழுதி, இரண்டு உறைகளில் போட்டாள். ஒன்று தங்கள் தொகுதி உறுப்பினருக்கு. அவர் அப்பா கட்சி. பருத்த உடம்பு, சபையில் தூங்கி வழிவதாகக் கேலிப்படங்களில் பேர்போனவர். இன்னொன்று கண்ணாடியம்மாவுக்கு. இரண்டும் போய்ச் சேர்ந்ததா என்றுகூட அவளுக்குத் தெரியாது. மசோதா சபைக்கு வருகிற நாளைப் பார்த்து, பார்வையாளர் அனுமதிச் சீட்டு ஐந்துக்கு எழுதிப் போட்டாள். சீட்டு வந்ததும் அப்பாவிடம் நீட்டினாள்.

"இந்த மாசம் இங்க போலாம்பா."

தராசுக்காரர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இத்தனை வருடம் அந்தச் சபையைத் தினமும் திட்டியிருக்கிறார், பாராட்டியிருக்கிறார். ஒரு நாள்கூட நேரில் பார்த்ததில்லை. "வேலை நாளாச்சே" என்று இழுத்தார். ஆனால் முந்தின நாளே முடி வெட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

தலைநகருக்கு நாலு மணி நேரப் பயணம். பாலம் தாண்டியதும் வேன் அமைதியானது. நாடாளுமன்ற வாசலில் செல்போன்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள், சின்ன மகளின் ஆரஞ்சுப் பையையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். "பழம்கூடவா?" என்று அவள் கேட்டாள். "எறிஞ்சவங்க இருக்காங்க பாப்பா" என்றார் காவலர், சிரிக்காமல்.

நூறு படிகள் இருக்கும். மேலே ஒரு கதவு. அதைத் தாண்டியதும் தராசுக்காரர் அப்படியே நின்றுவிட்டார்.

தொலைக்காட்சியில் அது ஒரு அறை மாதிரிதான் தெரியும். இங்கே கூரை எங்கேயோ இருந்தது. அண்ணாந்து பார்த்தவருக்குக் கழுத்து வலித்தது. உயரத்துச் சன்னல்களிலிருந்து வெயில் நீளப் பட்டைகளாக இறங்கி, கிணற்றின் அடியில் விழுவது போலக் கீழே இருந்த நாற்காலிகள் மேல் விழுந்தது. அந்த ஆழத்தில் நானூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எத்தனையோ ஊரிலிருந்து, எத்தனையோ லட்சம் பேர் வரிசையில் நின்று அனுப்பிவைத்த ஆட்கள். அவரும் வரிசையில் நின்றவர்தான். ஒவ்வொரு முறையும் மை வைத்த விரலோடு நேரே கடைக்குப் போய்த் தராசைத் திறந்திருக்கிறார். அந்தச் சின்னக் காரியத்தின் மறுமுனை இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று அவர் எண்ணிப் பார்த்ததே இல்லை.

"என்னங்க, உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?" என்று மனைவி காதில் கேட்டார்.

"இல்ல. சும்மா பாரு."

ஒன்பதாவது பிரிவு விவாதத்துக்கு வந்தது. அமைச்சர் பேசினார். அவர் கட்சி அமைச்சர், நன்றாகவே பேசினார். பிறகு எதிர் வரிசையில் கண்ணாடியம்மா எழுந்தார். திரையில் பெரிதாகத் தெரிகிறவர் நேரில் குள்ளமாக, கொஞ்சம் கூன் விழுந்து இருந்தார். இங்கே அவர் சத்தத்தைக் குறைக்க வழியில்லை.

"சபாநாயகர் அவர்களே, நான் பேசப்போவதில்லை. ஒரு கடிதத்தைப் படிக்கிறேன். எழுதியவர் எங்கள் கட்சிக்காரர் அல்ல. எங்களை அவருக்குப் பிடிக்காது என்று அவருடைய மகளே எழுதியிருக்கிறார்."

சபையில் சிரிப்பு எழுந்தது. மூத்த மகள் கீழ் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கண்ணாடியம்மா படித்தார்.

"'அரசாங்கம் எதிலெல்லாம் தலையிடக் கூடாது என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லி வருகிறவன் நான். இன்றும் அதையே சொல்கிறேன். ஆனால் ஒரு கிலோ என்பது எவ்வளவு என்று சொல்வது அரசாங்கத்தின் வேலை. கடைக்கு வரும் பெண்மணி பொருளைக் கையில் தூக்கிப் பார்த்து எடை சொல்ல முடியாது. அவள் முள்ளை நம்புகிறாள். நல்ல கடைக்காரனும் அந்த முள்ளைத்தான் நம்புகிறான், ஏனென்றால் பக்கத்துக் கடைக்காரன் ஏமாற்றினால் முதலில் கெட்டுப்போவது நல்லவன் வியாபாரம். நான் தராசு பழுதுபார்ப்பவன். முத்திரை போனால் என் வேலையும் குறையும். அதைத் தெரிந்துகொண்டே என் பேச்சை எடைபோடுங்கள்.'"

எங்கோ ஒருவர் காகிதம் புரட்டியது மாடம் வரைக்கும் கேட்டது.

தராசுக்காரர் எழுந்து நின்றிருந்தார். எப்போது எழுந்தார் என்று அவருக்கே தெரியாது. மாடக் காவலர் வந்து மெதுவாகத் தோளைத் தொட்டார்.

"உக்காருங்க சார்."

"அது… அது என் லெட்டர்."

"யாரு லெட்டரா இருந்தாலும் உக்காரணும் சார். ரூல்ஸ்."

"ஆமாமா. சரிதான்" என்று உடனே உட்கார்ந்துவிட்டார். விதியை மதிப்பதில் அவருக்கு எந்த நிலையிலும் மாற்றுக் கருத்து இருந்ததில்லை. சின்ன மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஓட்டெடுப்பு அறிவித்தார்கள். பிரிவை ஆதரிப்பவர்கள் வலது கதவு வழியாகவும் எதிர்ப்பவர்கள் இடது கதவு வழியாகவும் போக வேண்டும். கதவுகளில் ஆட்கள் நின்று எண்ணுவார்கள். ஆளும் வரிசைகள் மொத்தமாக எழுந்து வலது பக்கம் நகர்ந்தன. ஒரே ஒருவர் எழவில்லை. அவர்கள் தொகுதியின் பருத்த உறுப்பினர்.

"தூங்கிட்டாரு போல" என்று மைத்துனன் முணுமுணுத்தான்.

அவர் தூங்கவில்லை. நாற்காலிக் கைப்பிடிகளை ஊன்றி எழுந்தார். கோட்டுப் பையிலிருந்து ஒரு காகிதத் துண்டை எடுத்துப் பார்த்தார், மடித்து உள்ளே வைத்தார். பிறகு தன் கட்சி மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்க, நடுவெளியைக் குறுக்கே கடந்து இடது கதவை நோக்கி நடந்தார். மூட்டுவலிக்காரரின் நடை, ஒவ்வொரு அடியும் தனித்தனியாக விழுந்தது. சொந்தக் கட்சி வரிசையில் யாரோ எதையோ கத்தினார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பட்டாளமும் சிறைச்சாலையும் வைத்திருக்கிற அரசாங்கம்தான், ஆனால் அந்தக் கிழவர் நடந்து முடிக்கும்வரை யாரும் எழுந்து போய் அவர் கையைப் பிடித்து இழுக்கவில்லை. அவருக்குப் பின்னால், வலது கதவருகே நின்ற இருவர் தயங்கித் திரும்பினார்கள். அப்புறம் இன்னும் மூவர்.

சபாநாயகர் எண்ணிக்கையைப் படித்தார். ஒன்பதாவது பிரிவு மூன்று ஓட்டில் விழுந்தது.

அடுத்து நடந்ததைத்தான் தராசுக்காரர் பிற்காலத்தில் அதிகம் சொல்லிக்கொண்டிருந்தார். தோற்ற அமைச்சர் எழுந்தார். முகம் கறுத்திருந்தது. "சபையின் முடிவை ஏற்கிறேன்" என்றார். தலையை லேசாகத் தாழ்த்தினார். பிறகு தண்ணீர் குடித்துவிட்டு, "பத்தாவது பிரிவு, கிடங்குகளின் பெயர்ப் பலகை தொடர்பானது" என்று ஆரம்பித்தார். நானூறு பேரும் காகிதத்தைப் புரட்டினார்கள்.

"அவ்ளோதானா?" என்று சின்ன மகள் கிசுகிசுத்தாள். "சண்ட போடமாட்டாங்களா?"

"மாட்டாங்க" என்றார் தராசுக்காரர். "அவ்ளோதான்மா. அதான் பெருசு."

வெளியே பூங்காவில், ஆரஞ்சுப் பையைத் திரும்ப வாங்கிக்கொண்டு, புல்தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். தராசுக்காரர் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கட்டிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் மூத்த மகளிடம் திரும்பினார்.

"எதிர்க்கட்சிக்கு என் லெட்டர அனுப்பிருக்க."

"நம்ம எம்.பி.க்கும்தான் அனுப்பினேன்."

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருந்தா விட்டிருப்பீங்களா?"

அவர் யோசித்தார். பொய் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. "விட்டிருக்க மாட்டேன்" என்றார். ரொட்டியை ஒரு கடி கடித்துவிட்டு, "நல்லா படிச்சா அந்தம்மா. நான் எழுதினத விட நல்லா இருந்துச்சு" என்றார். மைத்துனன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அக்காவின் பார்வை அவன் வாயை மூடியது.

அடுத்த தேர்தலிலும் அவர் தன் கட்சிக்கே ஓட்டுப் போட்டார். கருத்துகளில் ஒன்றையும் கைவிடவில்லை. வரி இன்னும் குறைய வேண்டும், பரீட்சை இன்னும் கடுமையாக வேண்டும். கண்ணாடியம்மாவோடு பத்தில் ஒன்பது விஷயத்தில் இப்போதும் அவருக்கு ஒத்துப்போகாது. ஒன்று மட்டும் மாறியது. அந்தம்மா திரையில் வந்தால் தராசுக்காரர் கடைசி வரைக்கும் கேட்டுவிட்டு, அப்புறம்தான் திட்டுவார்.

கடைக்கு வருகிறவர்களுக்கு அந்த மண்டபத்தைப் பற்றிச் சொல்லச் சொல்ல அலுக்காது. திருகாணி கையில் அப்படியே நிற்கும், காத்திருப்பவர் அவசரத்தை மறந்து கேட்பார். ஒரு நாள் ரொட்டி கொண்டுவந்த மைத்துனன் இடையில் புகுந்தான்.

"கூரை அவ்ளோ உயரமெல்லாம் இல்ல மாமா. நாலு மாடி இருக்கும்."

"நாலா? ஏழுக்குக் குறையாது!"

"நானும் பார்த்தேன்ல?"

"நீ கீழ பார்த்துட்டு இருந்த. நான் மேல பார்த்தேன்" என்றார் தராசுக்காரர்.