தலைமேல் தீர்த்தம்

பங்குனிக் கடைசியில் எங்கள் ஊர் மாரியம்மனுக்கு மோகனூர் காவிரியிலிருந்து தீர்த்தம் எடுத்துவருவோம். மணலில் ஊற்றுத் தோண்டி, நீர் தெளிந்த பிறகுதான் குடத்தில் மொள்வது. காலில் செருப்புக் கூடாது, குடத்தைத் தரையில் வைக்கக் கூடாது, அம்மனுக்கு ஊற்றும்வரை அதில் ஒரு சொட்டும் நம் வாயில் படக் கூடாது. அந்த வருடம் என்னோடு நடந்தவர் என் வீட்டுக்காரரின் அக்கா. நங்கையா என்று கூப்பிடுவேன். அதற்கு முந்தின வருடம்தான் அவருக்கு வயிற்றில் பெரிய ஆபரேஷன் நடந்திருந்தது. வேண்டாம் என்று எல்லாரும் தலைப்பாடாக அடித்துக்கொண்டோம். கேட்கிற ஆளா அவர்? பேத்திக்கு வேண்டிக்கொண்டது, நானேதான் எடுக்க வேண்டும் என்றார்.

தார் ரோடு சுடுகிறது, கடலைக் காட்டு வழியாகப் போய்விடலாம் என்றார். கூட்டத்தை விட்டு இறங்கினோம். தண்ணீர்ப் பந்தல் எல்லாம் ரோட்டோரம்தான் இருக்கும் என்பது பாதி வழியில்தான் எனக்கு உறைத்தது. அதற்குள் கையிலிருந்த பாட்டிலும் காலி. எனக்கு வந்ததே கோபம். அவரிடம் காட்டி என்ன ஆகப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

முதலில் ஒரு கிணறு வந்தது. எட்டிப் பார்த்தால் அடியில் முள்செடியும், யாரோ வீசிய கோழி இறகு மூட்டையும்தான். அடுத்த காட்டில் போர்வெல் இருந்தது. மோட்டார் ரூம் பூட்டு, மும்முனைக் கரண்ட் ராத்திரிதான் வரும். ஆட்டுக்குக் கட்டிய தொட்டியில் பாசி பிடித்த தண்ணீர் கொஞ்சம் கிடந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். ஒரே உப்பு.

ஒரு வேப்பமரத்தடியில் நங்கையா குடத்தை மடியில் வைத்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். உதடு வெளுத்து, முகத்தில் வியர்வைகூட இல்லை. கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஒரு வீடும் கிடையாது. என் குடத்தைத் தலையிலிருந்து இறக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

"கையேந்துங்க. என்ற குடத்துல இருந்து ஊத்தறேன்."

"பைத்தியக்காரி, அது அம்மனுக்கு. நான் குடிச்சா வேண்டுதல் என்னத்துக்கு ஆகும்?"

"உங்க குடத்த யாரு தொட்டா? அது உங்க பேத்திக்கு. இது நான் வேண்டுனதுங்க."

"உன்ற புள்ளைகளுக்கு வேண்டியிருப்பே. அதக் கெடுத்து நான் குடிக்கோணுமா? நீ போ சாமி. நான் செத்த உக்காந்துட்டு வாரேன்."

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நாங்கள் இருவரும் சண்டை போடாத நாள் குறைவு. அவரிடம் போய் இதைச் சொல்வதா என்று கூச்சமாகத்தான் இருந்தது. வேறு வழியில்லை.

"புள்ளைகளுக்கில்லீங்க. உங்கள ஆபரேஷனுக்கு உள்ள கொண்டுபோனப்ப, நீங்க பொழச்சு வந்தா தீர்த்தம் எடுக்கறேன்னு வேண்டிக்கிட்டனுங்க. பொழச்ச ஆள இங்க சாக உட்டுட்டு, அங்க போயி அம்மனுக்கு என்னத்த ஊத்தறது?"

அவர் என்னையே பார்த்தார். பிறகு ஒரு கையால் தன் குடத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையை ஏந்தினார். ஊற்ற ஊற்ற மடக் மடக்கென்று குடித்தார். கண்ணிலிருந்தும் வழிந்துகொண்டே இருந்தது.

"அழுவாம குடிங்க," என்றேன். "உள்ள போற தண்ணியெல்லாம் வெளிய வருதுல்லீங்க."