எங்கும் தேடவா?

நான் பொய் சொன்னால் என் பல்செட் இந்த நிமிஷமே கழன்று விழட்டும். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ஒரு சொல்கூடக் கூட்டவில்லை.

கம்ப்யூட்டரில் இசை மென்பொருள் போட்டுக் கொடுப்பவன் ஒருவன். வாய் ஓயாதவன் என்பதால் எல்லோருக்கும் அவன் 'லொடலொடா'. அன்றைக்கு ஒரு இசையமைப்பாளர் பெண்மணியின் பதிவறையில் வேலை. அவரிடம் இருந்த 'சாம்ப்ளர்' என்ற மென்பொருள் ரொம்பப் பழையது. நாற்பது பேர் பாடியதைத் துண்டு துண்டாகப் பிடித்து வைத்திருந்தது அது. கீபோர்டில் கை வைத்தால் கோரஸாகப் பாடும். புதுக் கம்ப்யூட்டர் அந்தப் பழசைச் சீந்தவில்லை. புதுப் பதிப்பைப் போட்டு, நாற்பது குரலையும் அதற்கு மாற்றிக் கொடுக்க வேண்டும்.

"ஒரு குரல் குறைஞ்சாலும் கண்டுபிடிச்சிடுவேன், தம்பி."

"ஒண்ணு கூடிட்டா, அக்கா?"

"கூடினா என்ன? நீ ஒருத்தன் பேசுறதே சந்தையில பத்துப் பேர் கத்துற மாதிரிதான் இருக்கு."

சிரித்துக்கொண்டே அவர் சாப்பிடப் போனார். தடித்த கதவு சாத்திக்கொண்டது. வெளிச் சத்தம் பொட்டுகூட உள்ளே வராத அறை. பட்டப்பகல்தான். ஆனால் ஜன்னல் கிடையாது.

மாற்றும் வேலை ஓடியது. முப்பத்தொன்பதில் நின்றது.

'ஒரு குரலைக் காணவில்லை. எங்கும் தேடவா?' என்று கேட்டது திரை.

இந்தத் தொழிலில் இருப்பவர்கள் இங்கேதான் நிதானிப்பார்கள். எந்த ஃபோல்டரில் தேட வேண்டும் என்று கையைப் பிடித்துக் காட்டுவார்கள். 'எங்கும்' என்று அவிழ்த்துவிட்டால், கண்டதையும் கவ்விக்கொண்டு வந்துவிடும். லொடலொடாவுக்குப் பசி. 'ஆம்' என்று தட்டிவிட்டான்.

டிஸ்க் முழுக்கத் தேடியது. இல்லை. ஆனாலும் நிற்கவில்லை. தேடிக்கொண்டே இருந்தது...

மூலையில் இருந்த மைக்கில் சிவப்பு விளக்கு எரிந்தது. அவன் அதைத் தொடவே இல்லை.

'கிடைத்துவிட்டது.'

"அடப்பாவி, எங்கேருந்துடா பிடிச்சே?" என்று கேட்டான். கேட்டதாக நினைத்தான். வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை.

இருமிப் பார்த்தான். இருமலும் வரவில்லை. நாற்காலியை இழுத்தான். கிறீச்... காது நன்றாகத்தான் இருந்தது.

கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தினான்.

"அடப்பாவி, எங்கேருந்துடா பிடிச்சே?"

ஸ்பீக்கரில். அவன் குரலில்.

பழையபடி ஆக்கப் பார்த்தான். கம்ப்யூட்டர் ஏற்கவில்லை. அந்தத் துண்டை அழித்தால் குரல் திரும்புமா, ஒரேயடியாகப் போய்விடுமா? யாரிடம் கேட்பது? எப்படிக் கேட்பது?

போன் அடித்தது. வீட்டிலிருந்து மகள். அப்பன் பேசாமல் மத்தியானம் ஒரு வாய் சாப்பிடாத வாண்டு. பழக்க தோஷத்தில் எடுத்துவிட்டான்.

"அப்பா?"

தொண்டை புடைத்தது. காற்றுதான் வந்தது.

"பேசுப்பா..."

கீபோர்டில் கட்டைகள் தானாக அமுங்கின. டக்... டக்... டக்...

"சொல்லுடா கண்ணு," என்றது ஸ்பீக்கர்.

"அம்மா அடிக்கிறாப்பா."

"நான் வந்து அவளைக் கேக்குறேன். நீ சாப்பிடு. கதை சொல்லட்டா?"

குழந்தை கிளுக்கென்று சிரித்தாள்.

பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினான்.

திரை இருண்டது. ஸ்பீக்கர் அடங்கியது.

போனில் அவள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அப்புறம் என்னப்பா ஆச்சு?"

போனுக்குள்ளே... அவன் குரல்... கதை சொல்லிக்கொண்டிருந்தது.

இவ்வளவையும் எனக்குச் சொன்னது சாட்சாத் லொடலொடாவேதான். போன வாரம், போனில், ஒரு மணி நேரம், மூச்சு விடாமல்.

நேற்று அவன் மனைவியைப் பார்த்தேன். அந்த மத்தியானத்திலிருந்து அவன் வாயிலிருந்து ஒரு சத்தம்கூட வந்ததில்லையாம்.